மூச்சு எடுக்கும் இடங்கள்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடிப்படி ஏறிப்போனால் ஜன்னலில் மலை தெரிகிற இடத்தில், சுதாகரின் வீடியோ ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வருவார்கள். காதுகுத்துக்கு நாள் சொல்ல வருவார்கள். போன மாதம் எடுத்த வீடியோ எங்கேடா என்று சண்டை போடவும் வருவார்கள். ஐப்பசி மழையில் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதில், "எனக்கு வெட்டி ஒட்டக் கத்துக் குடுப்பா" என்று வந்து நின்ற முதல் ஆள் அம்மையார்குப்பத்துப் பரந்தாமன்தான்.

"இன்னாத்த வெட்டணும்ண்ணா?"

"வீடியோவ. பொண்ணு பாடனது. எல்லாம் இதுக்குள்ள கீது."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். முனை உடைந்த பழைய போன். சுதாகர் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினான். அவர் பெண் பானுப்ரியாவின் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வருஷம் முன்னால் மேடையேறியபோது வீடியோ எடுத்தவன் அவன்தான்.

"பானு எப்பிடி கீது?"

"கீறா."

உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணியைத்தான் துடைக்கிறார் என்று சுதாகர் நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொண்டதே அவன் செய்த மரியாதை.

விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். பரந்தாமனுக்கும் கமலாவுக்கும் ஒரே பெண் பானுப்ரியா, வயது இருபத்தெட்டு. வீட்டுக் கீழ்க்கட்டில் இரண்டு விசைத்தறி ஓடும், லுங்கித் துணி. மேலே மாடி அறையில் பானு முப்பத்தோரு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்துப் பிள்ளைகள் சனி ஞாயிறு நேரில் வரும். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டுப் பிள்ளைகள் மற்ற நாளில் செல்போனில் முகம் காட்டும். தறி ஓடினால் வீடே அதிரும், அதில் எங்கே பாடுவது? அதற்கு அப்பனும் பெண்ணும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். பாடப் போகிறேன் என்றால் பானு மாடித் தரையில் குதிகாலால் இரண்டு தரம் உதைப்பாள். கீழே பரந்தாமன் பிடியை இழுத்துத் தறியை நிறுத்திவிடுவார். பாடி முடிந்தால் ஒரு உதை. மறுபடி தறி ஓடும்.

சித்திரையில் அவளுக்குத் தொண்டை கட்டியது. பிள்ளைகளோடு கத்துவதால்தான் என்று கமலா மிளகுப் பால் போட்டுக் கொடுத்தாள். சித்தரத்தையை வாயில் அடக்கச் சொன்னாள். இரண்டரை மாதம் இப்படியே ஓடிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டி என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னார். பரந்தாமன் "எடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் உள்ளே போய்ப் பெண்ணைக் கேட்டார். அவளும் தலையாட்டினாள். பாவம், வேறென்ன செய்வாள்? ஆனால் சொல்லிவிட்டுக் கேட்டோமே, கேட்டுவிட்டுச் சொல்லவில்லையே என்று அவருக்கு நெஞ்சில் முள் தைத்தது தைத்ததுதான்.

ஆடியில் ஆப்பரேஷன் முடிந்தது. இப்போது கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதன்மேல் எந்நேரமும் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பாள், பெற்றவர்களுக்குக்கூட அவிழ்த்துக் காட்டமாட்டாள். பேச்சுக்கு ஒரு சிலேட்டு. சுருதிப் பெட்டியின்மேல் பழைய புடவையைப் போட்டு மூடிவிட்டாள். செல்போனை அப்பாவிடம் கொடுத்து 'எங்கியாச்சும் வை' என்று எழுதிவிட்டாள். மூன்று மாதமாக மாடியிலிருந்து உதைச் சத்தமே இல்லை. தறி பாட்டுக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பசங்க நின்னுடப் போறாங்க சுதாகர்," என்றார் பரந்தாமன். "பள்ளிப்பட்டுல விஜயராகவன் வாத்தியாராண்ட சேத்துடலாமான்னு பேசிகினு கீறாங்க. மார்கழியில படித் திருவிழா வருது. பானு அதுக்குன்னு ஒரு பாட்டு கட்டி வச்சிருந்துது, மண்டபத்துல பசங்க பாடறதுக்கு. பாதிதான் சொல்லிக் குடுத்துது. போன்ல அது பாடிப் பாடிப் பாத்தது துண்டு துண்டா கீது. அத்த ஒண்ணா சேத்து பசங்களுக்கு அனுப்பிட்டா கிளாஸு நிக்காது. கிளாஸு கலைஞ்சா என் பொண்ணும் கலைஞ்சிடும்ப்பா."

"குடுங்கண்ணா, நானே பண்ணித் தரேன். ஒரு அர மணி நேர வேல."

"வாணாம். நீ பண்ணா இந்த ஒண்ணோட போச்சி. நான் கத்துகினா தெனம் ஒண்ணு பண்ணுவேன்."

அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துவிட்டு சுதாகர் நாற்காலியை நகர்த்திப்போட்டான். போனிலேயே வெட்டுகிற ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்தான். "தோ பாருங்க, இந்தப் பட்டைதான் உங்க வீடியோ. இந்தாண்டேருந்து அந்தாண்ட ஓடுது. அடியில மேடும் பள்ளமுமா தெரியுது பாருங்க, அது சத்தம். மேடுன்னா பாட்டு, பள்ளம்ன்னா சும்மா."

"தறியில பாவு நூல் ஓட்டன மாதிரி கீது."

"ஆங், அப்பிடியே வச்சிக்கோங்க. அறுத்து எடுக்கணும், ஒட்டு போடணும். ஒட்டு போட்ட எடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அவ்ளோதான் தொழிலு."

ஒட்டுத் தெரியக் கூடாது என்றால் பரந்தாமனுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். முப்பத்தெட்டு வருஷமாக அறுந்த இழையை முடிந்தவர். ஆனால் விரல் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்றைத் தொட்டால் ஒன்று ஓடியது. முதல் நாள் அவர் ஒட்டியதில் பானு வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க, பாட்டு மட்டும் எங்கிருந்தோ கேட்டது. சுதாகர் விழுந்து விழுந்து சிரித்தான். பரந்தாமனும் கூடச் சிரித்தார். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சுதாகர் எழுந்துபோய் டீ சொல்லிவிட்டு வந்தான்.

செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறுவது வழக்கமாயிற்று. மூன்றாம் வாரம் அவர் ஒரு சந்தேகத்தோடு வந்தார். அன்றைக்கு சுதாகர் ஒரு நிச்சயதார்த்த வீடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், பெண் வீட்டுக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சுதாகர், ஒவ்வொரு அடிக்கும் நடுவுல குட்டியா ஒரு மேடு கீதுப்பா. வச்சிப் பாத்தா 'ஸ்ஸ்'ன்னு ஒரு சத்தம். இன்னா அது?"

"வேஸ்ட்டுண்ணா. ஃபேன் சத்தமா இருக்கும், மைக்குல வந்திருக்கும். வெட்டித் தள்ளுங்க," என்றான் சுதாகர் திரும்பிப் பார்க்காமலே.

சுதாகரைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாண வீடியோவில் அவன் அதைத்தான் செய்வான். அதன்மேல்தான் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவானே.

வீட்டில், தறி ஓடும் கீழ்க்கட்டின் மூலையில், நூல் மூட்டைமேல் உட்கார்ந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பரந்தாமன் வேலையைத் தொடங்கினார். கமலா எதிரே உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள், நாடாவுக்குள் போகிற ஊடை நூலை.

"எனுக்கும் ஒரு காதுல குடுங்க," என்றாள்.

"கேட்டா அழுவ."

"அழுவல, குடுங்க."

ஒரு பக்க ஒயரை அவள் காதில் வைத்தார். 'முதல் படிக்கு மஞ்சள்' என்று பானு எடுத்தாள். கமலா கையிலிருந்த தார் உருண்டு தறிக்கு அடியில் போயிற்று. அவள் அதை எடுக்கவில்லை.

"எம்மாம் நல்லா பாடியிருக்குது பாருங்க. நேத்து புளிச்சகீரை கடைஞ்சேன். அதுக்குப் புடிக்குமேன்னு வெள்ளப்பூண்ட எண்ணெயில போட்டேன், தெருவே மணக்குது. இது படியில குந்திகினு வெளிய பாக்குது. சிலேட்டுல எழுதுது, 'இன்னிக்கி இன்னா கொழம்பும்மா'ன்னு. வாசனகூடத் தெரியலங்க எம் பொண்ணுக்கு." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "அதுங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யக் கூடாதா இத்த?"

"கேட்டா வாணாம்னும். முடிச்சிக் காட்டனா வேற இன்னா சொல்லும்? பசங்க பாடறதப் பாத்தா தானா மனசு வரும்."

"நீங்க எப்பவும் இப்பிடித்தான். முடிச்சிட்டுத்தான் சொல்லுவீங்க."

கமலா குனிந்து தாரை எடுத்து, ஒட்டிய தூசியை ஊதிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தாள்.

லுங்கி நெய்கிறவனுக்குக் கண்ணில் ஒரு வியாதி உண்டு. துணி எடுக்க வரும் மேஸ்திரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் மூஞ்சியைச் சுளித்துத் தூக்கிப் போடுவான். அதனால் தறியிலிருந்து துணி இறங்கியதும் சின்னக் கத்திரியை வைத்துக்கொண்டு பிசிறு பிசிறாக வெட்டி, வழவழவென்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார்கள். பரந்தாமன் முழித்தாலும் தூங்கினாலும் அந்தக் கண்தான். பானுவின் பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குட்டி மேடு அவருக்குப் பிசிறாகத்தான் தெரிந்தது. முப்பத்தாறு இடம். ஒவ்வொன்றாக விரலால் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்து, பாட்டில் ஒரு மயிரிழைகூடச் சேதமாகாமல் வெட்டி எடுத்தார். பதினோரு நாள் பிடித்தது. கடைசியில் போட்டுக் கேட்டால் பாட்டு பட்டுத் துணி மாதிரி ஓடியது. எங்கேயும் தட்டவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. தன் கையே இதைச் செய்தது என்று அவருக்கு நம்ப முடியவில்லை. நல்லா வந்துட்டுது பானு, என்று போனைப் பார்த்துச் சொன்னார்.

சேமிக்கப் போனபோது போனில் இடமில்லை என்று வந்தது. முழுப் பாட்டுதான் ஆகிவிட்டதே, இந்தத் துண்டெல்லாம் எதற்கு? வெட்டிப்போட்ட பிசிறை யார் மூட்டை கட்டி வைப்பார்கள்? எல்லாவற்றையும் அழித்தார். அழித்தது வேறு ஒரு குப்பைக்கூடையில் போய் உட்கார்ந்திருக்கும் என்று சுதாகர் சொல்லியிருந்தான். மறக்காமல் அதையும் திறந்து காலி செய்தார். அப்படி ஒரு சுத்தம்.

வகுப்புப் பெற்றோர் குழுவுக்குப் பாட்டைப் பானுவின் எண்ணிலிருந்தே அனுப்பினார். அரை மணியில் கைகூப்பிய படங்களும் பூங்கொத்துகளுமாக வந்து நிறைந்தன. 'அக்கா குரல் கேட்டு அழுதுட்டோம்' என்று ஒரு அம்மா எழுதியிருந்தாள். பள்ளிப்பட்டு வாத்தியாரைப் பற்றிய பேச்சே இல்லை. பரந்தாமன் அன்றைக்குத் தறியில் நின்றுகொண்டு, சத்தத்துக்கு நடுவே, தான் மட்டும் கேட்கிற மாதிரி பாடினார். பெண்ணிடம் மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகள் முழுசாகக் கற்றுக்கொள்ளட்டும், கூட்டிவந்து எதிரே நிறுத்திப் பாடவைக்கலாம் என்று ஆசை.

கார்த்திகை முதல் சனிக்கிழமை, மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகல், பொதட்டூர்பேட்டையிலிருந்து விஜி தன் மகள் கயல்விழியை இழுத்துக்கொண்டு பஸ் இறங்கி வந்தாள். கயலுக்கு ஒன்பது வயது, பானுவின் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை. பரந்தாமன் தறியை நிறுத்திவிட்டு வந்து நாற்காலி போட்டார்.

"பாட்டு நல்லாத்தான்ணா வருது," என்றாள் விஜி. "ஆனா இவ எங்கியும் நிக்க மாட்டேன்றா. ஓடறா ஓடறா ஓடிகினே கீறா. நேத்து பாடிகினே இருக்கும்போது மூஞ்செல்லாம் செவந்துபோயி, கண்ணு சொருகி அப்பிடியே செவுத்துல சாஞ்சிட்டா. எனுக்கு உயிரே போயிடுச்சி. நடுவுல நிறுத்தி மூச்சு வுடேன்டின்னா, அக்கா நிறுத்தலியேம்மான்றா."

"மத்த பசங்க?"

"எல்லாம் இதேதாண்ணா. நம்ம பிரேமா பையன் பாதிப் பாட்டுல இருமிகினே வுட்டுட்டானாம். அக்காவுக்கு மட்டும் எப்பிடி முடியுதுன்னு பசங்களுக்குள்ள போட்டி வேற. பானுவ ஒரு தடவ கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

பரந்தாமன் மாடிப்படியைப் பார்த்தார். "அது தூங்குது. கயலு, நீ பாடு, நான் பாக்கறேன்."

கயல் கைகட்டி நின்று பாடினாள். நல்ல கணீர்க் குரல். மஞ்சள், குங்குமம், பூ, சந்தனம் என்று மலைக்கோயில் படிகளுக்குப் பூசை வைத்தபடி ஏறுகிற பாட்டு. ஆறாவது அடியில் கழுத்து நரம்பு புடைத்தது. எட்டாவது அடியில் உதடு நடுங்கியது. அப்புறம் ஒரு பெரிய விக்கலோடு குரல் அறுந்தது. குழந்தை வாயைப் பிளந்து காற்றை இழுத்தது.

மாடிப்படியில் பானு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. நேரே இறங்கி வந்து கயல் முன்னால் முட்டி போட்டு, வயிற்றில் கையை வைத்து, மெள்ள மெள்ள என்று கண்ணாலேயே சொன்னாள். குழந்தைக்கு மூச்சு சீரானதும் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'யாரு இப்பிடிச் சொல்லிக் குடுத்தது?'

"நீங்கதான்க்கா," என்றாள் கயல்.

விஜி தன் போனில் பாட்டைப் போட்டாள்.

நாலு மாதத்துக்குப் பிறகு பானு தன் குரலைக் கேட்டாள். பரந்தாமன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ மலரப் போகிறது, இதோ அழப் போகிறாள், அழுதாலும் நல்லதுதான் என்று காத்திருந்தார். அவள் அழவில்லை. புருவத்தைச் சுருக்கி, போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் போட்டாள். படத்தில் இருந்த பானுவின் தலை ஒவ்வொரு அடிக்கும் இடையே லேசாகக் குலுங்கியது. பாட்டு நிற்கவே இல்லை.

'மூச்சு எங்க நைனா?' என்று எழுதினாள்.

"எந்த மூச்சும்மா?"

அவள் எழுதியதற்கு அடியிலேயே விரலால் தட்டினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த ஸ்ஸ். அந்தக் குட்டி மேடு. பாடுகிற பெண் அடுத்த அடிக்கு மூச்சு எடுக்கிற சத்தம். இருபது வருஷம் தறியை நிறுத்திவிட்டுக் கீழே நின்று அவள் பாடியதைக் கேட்டவர், அவள் மூச்சை ஒருநாளும் கேட்டதில்லை.

"ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துதும்மா. நான் பிசிறுன்னு நெனச்சிட்டேன்."

'எவ்ளோ வெட்டன?'

"முப்பத்தாறு."

'பழசு இருக்கா?'

பரந்தாமன் தலையைக் குனிந்துகொண்டார். "எடம் இல்லன்னு வந்துச்சும்மா. அழிச்சிட்டேன். கூடையில கெடந்ததையும் அழிச்சிட்டேன்."

பானு சிலேட்டைக் கீழே வைத்தாள். அப்பாவின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தன் மூக்குக்கும் வாய்க்கும் முன்னால் வைத்துக்கொண்டாள். வைத்தபடியே நின்றாள். அவர் கையில் ஒன்றும் படவில்லை, ஒரு சூடு இல்லை, ஒரு காற்று இல்லை. இருபத்தெட்டு வருஷம் அந்த மூக்கால் இழுத்துவிட்ட மூச்சு இந்த உலகத்தில் அந்தப் போனில் மட்டும்தான் இருந்தது, அதையும் பெற்ற அப்பன் பதினோரு நாள் உட்கார்ந்து ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துக் கொட்டிவிட்டான். பரந்தாமன் அப்படியே தரையில் குந்திவிட்டார். "அய்யோ, நான் இன்னா பண்ணிட்டேன், நான் இன்னா பண்ணிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். கமலா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். பானுவும் அப்போதுதான் அழுதாள். சத்தமே வராத அந்த அழுகை அந்த வீட்டில் யாருக்கும் இன்னும் பழகவில்லை. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

அன்று மதியமே போனை எடுத்துக்கொண்டு சுதாகரிடம் ஓடினார். சுதாகர் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தான். சென்னையில் ஒரு கூட்டாளிக்குப் போன் போட்டுக் கேட்டான். சாயங்காலம் கையை விரித்தான்.

"என்னாலதாண்ணா. நீங்க கேட்டீங்க, நான்தான் பாக்காம வேஸ்ட்டுன்னேன். என்னச் செருப்பாலடிங்க."

"நீ சொன்ன. நான் வெட்டனேன்," என்றார் பரந்தாமன். "எம் பொண்ணு மூச்சு எனுக்கே தெரியலன்னா உனக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"நடுவுல சும்மா கேப்பு வுட்டுத் தரட்டுமா? இல்ல வேற யாராச்சும் மூச்சு எடுக்கறத ரெக்கார்டு பண்ணி ஒட்டிடலாம். பசங்களுக்கு எங்க நிக்கணும்னு தெரிஞ்சாப் போதும்."

வீட்டுக்கு வந்து அதைப் பெண்ணிடம் சொன்னார். இந்தத் தடவை கேட்டார், முடிவு சொல்லவில்லை. அவள் யோசித்து யோசித்து எழுதினாள், சிலேட்டு இரண்டு தரம் நிறைந்தது. 'கேப்பு வேணாம். சின்ன அடிக்குச் சின்ன மூச்சு, பெரிய அடிக்குப் பெரிய மூச்சு. எங்க எடுக்கறது, எவ்ளோ எடுக்கறது, அதுதான் பாடம். யோசிக்கறேன்.'

இரண்டு நாள் அவள் பேசவில்லை. அதென்ன, என்றைக்குப் பேசினாள் என்று கேட்கலாம். சிலேட்டையே தொடவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, இரண்டு தறியும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே தரை அதிர்ந்தது.

தொம். தொம்.

பரந்தாமன் முதலில் நம்பவில்லை. கமலா தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "இன்னாங்க பாக்கறீங்க? நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள். அவர் இரண்டு பிடியையும் இழுத்தார். வீடு கப்பென்று அமைதியானது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தது கேட்டது.

மாடியில் பானு தலை வாரிப் பொட்டு வைத்து, பாடும்போது எப்போதும் உட்காரும் பாயில் உட்கார்ந்திருந்தாள். சுருதிப் பெட்டியின்மேல் போட்டிருந்த புடவையை எடுத்து மடித்து வைத்திருந்தாள். எதிரே சிலேட்டு.

'கிளாஸை மூடிடலாம் நைனா. பசங்கள விஜயராகவன் சாராண்ட அனுப்பிடு. நல்லாச் சொல்லிக் குடுப்பாரு. இந்த ஒரு பாட்டு மட்டும் தப்பாப் போக வேணாம்.'

அவர் வாய் திறக்கப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: 'மூச்சு நான் எடுக்கறேன். நீ புடி.'

பிறகு கழுத்துத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

பரந்தாமன் அன்றைக்குத்தான் அந்தத் துளையைப் பார்த்தார். எட்டணா அகலம், சுற்றிலும் தோல் சிவந்திருந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் மறுபடி மூடிவிடுவாள் என்று பயம். போனைத் தூக்கிப் பிடித்தார், இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிக்கொண்டார். பானு காதில் ஒயரை வைத்துக்கொண்டு, அவர் வெட்டி ஒட்டிய பாட்டைக் கமலாவின் போனில் ஓடவிட்டு, உதட்டால் மட்டும் கூடவே பாடினாள். ஒவ்வொரு அடி முடிகிற இடத்திலும் விரலால் பாட்டை நிறுத்திவிட்டு, தோளை நிமிர்த்தி மூச்சு எடுத்தாள். பழைய ஸ்ஸ் இல்லை. கழுத்திலிருந்து வருகிற கரகரப்பான, கொஞ்சம் ஈரமான சத்தம். சின்ன அடிக்குச் சின்னது, பெரிய அடிக்குப் பெரியது. நடுவில் இருமல் வந்தது. துடைத்துக்கொண்டு திரும்ப எடுத்தாள். கமலா வாசற்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். முப்பத்தாறும் முடிய ஒன்றரை மணி ஆயிற்று. பிறகு அவள் துணியைக் கட்டிக்கொண்டு தரையில் ஒரு உதை உதைத்தாள். கீழே போய்த் தறியை ஓட்டுவதற்குப் பரந்தாமனுக்கு வெகுநேரம் கால் வரவில்லை.

அதையெல்லாம் அவரேதான் ஒட்டினார். சுதாகரைத் தொடவிடவில்லை. பழைய பானு ஒரு அடி பாடுவாள், பொட்டும் பூவுமாக. அடுத்து ஒரு நொடி இப்போதைய பானு, கழுத்தைத் திறந்துகொண்டு மூச்சு எடுப்பாள். மறுபடி பழைய பானு பாடுவாள். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டார். விஜிக்கு மட்டும் முதலில் அனுப்பினார். கயல் அதைப் பார்த்துப் பாடி, அக்கா மூச்சு எடுக்கிற இடத்திலெல்லாம் தானும் எடுத்து, முழுப் பாட்டையும் முகம் சிவக்காமல் பாடி முடித்தாள் என்று விஜி அழுதுகொண்டே சொன்னாள்.

மற்றவர்களுக்கு அனுப்புமுன் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போனார். சுதாகர் பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தலை குனிந்தபடியே முழுசும் கேட்டான். ஜன்னலுக்கு வெளியே மலையில் மேகம் இறங்கியிருந்தது. பாட்டு முடிந்தது. முடிந்த பிறகும் பட்டை கொஞ்சம் ஓடியது. திரையில் இப்போதைய பானு வந்தாள், தோளை நிமிர்த்தி ஆழமாக ஒரு மூச்சு எடுத்தாள். அதோடு நின்றது.

"முப்பத்தாறுன்னீங்களே, இது முப்பத்தேழு," என்றான் சுதாகர். "பாட்டுதான் முடிஞ்சிபோச்சே. இது வேஸ்..." பாதியில் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நானும் கேட்டேம்ப்பா அதுகிட்ட," என்றார் பரந்தாமன். "ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்த பாட்டுக்கு மூச்சு எடுக்கறது பழக்கமாம். மறந்தாப்ல எடுத்துட்டேன் நைனா, வெட்டிடுன்னு எழுதுச்சி."

"வெட்டணுமா?"

"வாணாம். அப்பிடியே வுடு."

சுதாகர் சேமிக்கிற பொத்தானை அழுத்தினான்.